இதற்கு முன்னால் நடித்தவர்

படப்பிடிப்பு நடக்கிற இடங்களில் அவளைப் ‘பதில்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சிறியவர்களுக்குப் பதிலக்கா. தொலைக்காட்சித் தொடரில் நடிக்கிற ஒருத்தி சண்டை போட்டுக்கொண்டோ, பிள்ளை பெறவோ, வேறு நல்ல வாய்ப்பு வந்தோ பாதியில் விலகிவிட்டால் மறுநாள் திரையின் அடியில் ஒரு வரி ஓடும்: இனி இவருக்குப் பதில் இவர். அந்த இரண்டாவது ‘இவர்’ பெரும்பாலும் அவள்தான்.

அவள் இதைத் தேடிப் போகவில்லை. இளவயதில் ஒரு நாடகக் குழுவில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலையில் இருந்தாள். ஒரு நாள் கதாநாயகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. “உனக்குத்தான் எல்லாம் தலைகீழாத் தெரியுமே, ஏறு மேல” என்று குழுத் தலைவர் அவளை மேடைக்குத் தள்ளினார். ஏறினாள். கதாநாயகிக்குப் பேசுவதற்கு முன்னால் காதைத் தொட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தது. இவளும் தொட்டாள். கதாநாயகி கோபித்துக்கொண்டால் மூச்சு மூக்கில் சத்தம் போடும். இவள் மூக்கும் போட்டது. பின்வரிசைக்காரர்களுக்கு ஆள் மாறியதே தெரியவில்லை. பக்கவாட்டில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கதாநாயகி இடைவேளையில் அழுதாள். “என் காதைக்கூடவாடி விடமாட்டே?” என்று கரகரத்த குரலில் கேட்டாள்.

குழு கலைந்த பிறகு சினிமாவுக்குப் போனாள். நாயகிக்கு விளக்கு அமைக்கும்போது நாயகியின் இடத்தில் அசையாமல் நிற்பது, முதுகு மட்டும் தெரிகிற இடங்களில் முதுகைக் கொடுப்பது என்று வேலைகள் இருந்தன. ஒரு படத்தில் கடிதத்தைக் கிழிக்கிற கை அவளுடையது. முகம் இன்னொருத்தியுடையது, விசும்பல் மூன்றாமவளுடையது. அடுத்த படத்தில் அந்த விசும்பலும் அவளுக்கே கிடைத்தது. அப்படியே டப்பிங். டப்பிங்கிலிருந்து தொடர்கள்.

புதிய வேலை வந்ததும் பழைய பகுதிகளை வாங்கிக்கொண்டு வந்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பாள். சத்தம் இருந்தால் கதை உள்ளே இழுத்துவிடும், ஆள் கண்ணில் படமாட்டாள் என்பது அவள் கணக்கு. விலகிப் போனவள் எந்தக் காலில் உடம்பைச் சாய்த்து நிற்கிறாள், பொய் சொல்லும்போது எங்கே பார்க்கிறாள், உட்காரும்போது முதலில் எது உட்காருகிறது என்றெல்லாம் பார்த்து எடுத்துக்கொள்வாள். ஒரு தொடரில் மாமனாராக நடித்த பெரியவர் ஒரு வாரம் கழித்துத்தான் “அம்மா, நீ வேற ஆளா?” என்று கேட்டார். பஸ் நிறுத்தத்தில் பெண்கள் அவளைப் பிடித்துத் திட்டுவார்கள். திட்டெல்லாம் முன்னவள் செய்த கொடுமைகளுக்கு. அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வாள். வேஷத்தோடு வந்தது அது என்று நினைத்துக்கொள்வாள்.

ஐம்பதை எட்டிப்பார்க்கும் வயதில் ஒரு டைரக்டரிடமிருந்து அழைப்பு வந்தது. அவருக்கு முதல் படம். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறைதான் அலுவலகம். ஜன்னல் ஓரமாக ஒரு மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. டைரக்டருக்குத் தாடி சரியாக வளராத முகம்.

கதையைச் சொன்னார். ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற பெண். அவளிடம் சொல்லாமல் வீட்டை விற்றுவிட்டு ஓடிப்போன தம்பி, பல வருஷம் கழித்துச் சலவைக்கூடத்து வாசலில் வந்து நிற்கிறான். அவள் படுக்கைவிரிப்பு மடித்துக்கொண்டிருக்கிறாள். அவனைப் பார்க்கிறாள். மடித்து முடிக்கிறாள். பிறகு “சாப்டியா?” என்று கேட்கிறாள். படத்துக்கே அந்தக் காட்சிதான் முதுகெலும்பு.

“நல்லா இருக்கு சார். முன்னாடி யாரு பண்ணினது?”

“எதை?”

“இந்த வேஷத்தை.”

“யாருமே பண்ணலக்கா. படம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே.”

“சரி சார்” என்றாள். அவர் நாகரிகமானவர், உள்ளே நடந்த சண்டையை வெளியில் சொல்ல விரும்பவில்லை என்று எடுத்துக்கொண்டாள். “எடுத்த வரைக்கும் ஏதாவது இருந்தா குடுங்க, பாத்துட்டு வந்துடறேன்.”

“எடுக்கவே இல்லக்கா” என்றார் டைரக்டர், கொஞ்சம் பயந்து.

சோதனைக்காக அதே அறையில் கேமராவை வைத்தார்கள். மேஜை மேல் ஒரு படுக்கைவிரிப்பு. கதவருகில் தம்பியாக உதவி டைரக்டர் நின்றார். அவள் மடித்தாள், பார்த்தாள், “சாப்டியா?” என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. அது அவளுக்கே தெரிந்தது. கடையில் விலை கேட்பது போல இருந்தது.

“எப்படி வேணும்னு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க சார்.”

“உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிக்கா.”

“எனக்கா?”

“நீங்க வீட்டுல எப்படி இருப்பீங்களோ அப்படி இருங்க, போதும்.”

மறுபடி மடித்தாள். இந்தத் தடவை விலைகூடக் கேட்கத் தெரியாதவள் போல இருந்தது. டைரக்டர் நெற்றியைத் தேய்த்தார். தயாரிப்பாளர் வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் இந்தச் சோதனையைக் காட்டவேண்டும், அதற்குள் இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாம் என்றார். அவர் வாயால் சொல்லாவிட்டாலும் அடுத்த முறையும் இப்படி என்றால் வேறு ஆள் என்பது அவளுக்குப் புரிந்தது. அந்த வேறு ஆள்களின் வரிசையில்தானே அவள் இத்தனை வருஷம் நின்றிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் கேட்டாள். “ஏங்க, நான் வீட்டுல எப்படி இருப்பேன்?”

கணவர் அதே நாடகக் குழுவில் விளக்குப் போட்டவர். இப்போது கட்டடங்களுக்கு வயரிங் செய்கிறார். ஒரு ஸ்விட்சைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நீ வீட்டுல எப்ப இருந்தே?”

“விளையாடாதீங்க.”

“நீ எங்க நிப்பேன்னு கேளு, கண்ணை மூடிக்கிட்டு லைட்டைத் திருப்புவேன். எப்படி நிப்பேன்னா எனக்கு என்ன தெரியும்? நான் உசரத்துலேந்து பாத்தவன். உன் உச்சந்தலைதான் எனக்குத் தெரியும்.”

மகள் மருந்தாளர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “உனக்கு எந்த சீரியல் ஓடுதுன்னு பாத்துட்டுத்தாம்மா நாங்க உங்கிட்டப் பேசவே வருவோம். நீ அந்த வில்லியா இருந்தப்ப நான் டூர் போகணும்னு வாயையே திறக்கல. அப்புறம் ஊமை அண்ணியா மாறினியே, அப்பத்தான் கேட்டேன். உடனே தலையாட்டிட்டே.”

“அடியே, நெஜமாவா?”

“ஊமை அண்ணி ரொம்ப நல்லவ. அவளையே வெச்சுக்கலாமான்னு அப்பாகூட சொன்னாரு.”

“நான் எங்க சொன்னேன்?” என்றார் கணவர், ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டு. “நெனச்சேன், அவ்வளவுதான்.”

மகளின் தொலைபேசியை அலமாரி மேல் சாய்த்துவைத்து, சமையலறையில் தான் வேலை செய்வதைப் படமெடுத்துப் பார்த்தாள். பாத்திரம் கழுவுகிறவளின் இடது தோள் இறங்கியிருந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த தோள்தான். போலீஸ்காரரின் மனைவியாக வந்த தொடரில் முன்னவளுக்கு அந்தத் தோள். திரும்பிப் பார்க்கிற கண் இன்னொரு தொடர். கையைத் துடைக்கிற விதம் மட்டும் யாருடையது என்று பிடிபடவில்லை. அது தன்னுடையதாக இருக்குமோ என்று ஒரு கணம் நம்பிக்கை வந்தது. பிறகு, நினைவில்லாத யாரோ ஒருத்தியுடையதாகவும் இருக்கலாமே என்று பட்டது.

மறுநாள் உடைக்கு அளவு பார்க்கக் கூப்பிட்டார்கள். தையல்காரர் ஏற்கெனவே தைத்து வைத்திருந்த சலவைக்கூடத்துச் சாம்பல்நிறக் கோட்டை எடுத்து மாட்டிவிட்டார். தோளில் தொங்கியது. இடுப்பில் பொத்தான் போட முடியவில்லை.

“இது யாரு அளவு?” என்றாள்.

தையல்காரர் குண்டூசிகளை உதட்டில் வைத்துக்கொண்டே உளறினார். “மேடம் அளவு. மேடம்தான் பண்றாங்கன்னு தயாரிப்பாளர் சொன்னாரு. அவங்க பழைய அளவு எங்கிட்ட இருந்துச்சு, சரின்னு வெட்டிட்டேன். அப்புறம்தான் அவங்க இல்லைன்னாங்க. கொஞ்சம் மூச்சை உள்ள இழுங்க.”

மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றவளுக்குப் பெரிய நிம்மதி வந்தது. அவள் நினைத்தது சரிதான். முன்னால் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

மேடம் என்றால் எல்லாருக்கும் ஒருவர்தான். முப்பது வருஷம் கதாநாயகி, பிறகு அம்மா, பிறகு தொடர்கள். ஒரு தொடரிலிருந்து அவர் கோபித்துக்கொண்டு வெளியேறியபோது பதிலாகப் போனவள் இவளே. பேசும்போது கழுத்தை வெட்டித் திருப்புகிற அவர் பழக்கத்தையும் அப்போது எடுத்துக்கொண்டாள். ஆனால் நேரில் பார்த்துப் பேசியதில்லை. பதிலாகப் போகிறவள் முன்னவளைப் போய்ப் பார்ப்பது வழக்கமில்லை. செத்தவர் வீட்டில் போய்ச் சட்டையைக் கேட்பது மாதிரி. இந்தத் தடவை அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

மேடத்தின் வீட்டில் கதவைத் திறந்தது மேடமே. கழுத்தில் மருத்துவர் கொடுத்த பட்டை. முகத்தைத் திருப்ப முடியாமல் மொத்த உடம்பையும் திருப்பி, மேலும் கீழும் பார்த்தார்.

“நீதானே அது? என் கழுத்தைத் திருடிக்கிட்டுப் போனவ?”

“மேடம்…”

“உள்ள வா, உள்ள வா. என் தங்கச்சி எனக்கு ஃபோன் பண்ணிச் சண்டை போட்டா, தெரியுமா? சீரியலை விட்டுட்டேன்னு பொய் சொல்றியா, நேத்துக்கூடப் பாத்தேனேன்னு. அந்த வெட்டு வெட்டித்தான் எனக்கு இப்ப இந்தப் பட்டை. உனக்கு வலிக்கலையா?”

“வலிக்குது மேடம்” என்றாள் அவள். உண்மையாகவே வலித்துக்கொண்டிருந்தது, அந்தத் தொடர் முடிந்து ஆறு வருஷமாக.

மேடம் சிரித்தார். கழுத்து ஆடாமல் தோள் மட்டும் குலுங்கிற்று. வந்த காரியத்தைக் கேட்டார். சலவைக்கூடத்துப் பெண் வேஷத்தை மேடம் எப்படிச் செய்தார் என்று ஒரு தடவை காட்டினால் போதும் என்றாள்.

“நான் எங்கடி செஞ்சேன்? கதையே கேக்கல. புது டைரக்டர், சலவைத்துணி, அக்கான்னாங்க. ஃபோன்லயே முடியாதுன்னுட்டேன்.”

“செஞ்சிருந்தீங்கன்னா எப்படிச் செஞ்சிருப்பீங்க?”

“கதை தெரியாம எப்படிச் சொல்றது? சொல்லு, கேப்போம்.”

அவள் சொன்னாள். முதலில் உட்கார்ந்துதான் சொன்னாள். விரிப்பு எவ்வளவு பெரியது என்று காட்டக் கையை விரிக்கவேண்டியிருந்தது. ஒருத்தியாக மடிப்பதற்கு ஒரு முனையைத் தாடையால் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று சொல்லும்போது எழுந்துவிட்டாள். “இங்க நிக்கிறான் மேடம், வாசல்ல. இவ பாத்துட்டா. ஆனா துணி பாதியில இருக்கு. விட்டா தரையில படும். அதனால மடிக்கிறா. மூலைக்கு மூலை சேத்து வெக்கிறா. அப்புறம் ஒரு தடவை அழுத்தித் தடவுறா, வேலை முடிஞ்சுதான்னு பாக்குற மாதிரி. அதுக்கப்புறம்தான் கேக்குறா.” கேட்டாள். மேடத்தின் வரவேற்பறைக் கதவைப் பார்த்துக் கேட்டாள்.

மேடமும் உடம்போடு திரும்பி அந்தக் கதவைப் பார்த்தார். பட்டைக்கு மேலே முகம் சிவந்திருந்தது.

“இதையா நான் வேணாம்னேன்?” என்றார்.

“சொல்லுங்க மேடம், நீங்கன்னா எப்படி…”

“இரு, இரு. அந்தப் பையன் நம்பர் எங்கிட்ட இருக்கணுமே.” மூக்குக்கண்ணாடியைத் தேடினார். “நீ நல்ல மனசுக்காரி. உனக்குச் சரியா வரலைன்னு என்னைத் தேடி வந்து குடுக்குற பாரு, யாரு செய்வா இதை?”

தான் அதற்கு வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் எதற்கு வந்தாள் என்று சட்டென்று சொல்லத் தெரியவில்லை. மேடம் எதையும் செய்து காட்டவும் இல்லை. எடுத்துக்கொள்ள ஒரு விரலசைவுகூடக் கிடைக்காமல், கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். தெருவில் நடக்கும்போது தன் கழுத்து வெட்டுவதைக் கவனித்து, கையால் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை டைரக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். கணவர் வேலைக்குக் கிளம்பியவர், விஷயம் பெரிது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு மறுபடி உட்கார்ந்தார். மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“மேடம் ஃபோன் பண்ணாங்கக்கா. நீங்களே போய் வேஷத்தைக் குடுத்துட்டு வந்தீங்களாமே?”

“குடுக்கல சார். கேக்கத்தான் போனேன்.”

“எதை?”

“எப்படிப் பண்ணினாங்கன்னு.”

“அவங்கதான் பண்ணவே இல்லையே!”

“அது இப்பத் தெரியும் சார்.”

டைரக்டர் தண்ணீரைக் குடித்தார். தயாரிப்பாளர் ஊரிலிருந்து திரும்பிவிட்டாராம். மேடம் சம்மதித்தது கேட்டதிலிருந்து தரையில் கால் பாவவில்லையாம். மேடத்தின் பெயர் இருந்தால் படம் வெளிவருவதில் சந்தேகமே இல்லை. “நான் உங்ககிட்டப் பொய் சொல்ல விரும்பல. நீங்க முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாருக்கும் வசதி. ஆனா நான் எழுதினது உங்களை வெச்சு.”

“என்னையா? என்னை எங்க பாத்தீங்க?”

அவர் உதவி டைரக்டராக இருந்த காலத்தில் ஒரு டப்பிங் கூடத்தில் பார்த்தாராம். காலையிலிருந்து தாழ்வாரத்தில் ஒரு ஸ்டூலில் காத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவர்தான் போய், அவளுடைய ஒற்றை வசனத்தையும் படத்திலிருந்து வெட்டிவிட்டார்கள், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவேண்டியிருந்தது. திட்டு வாங்கத் தயாராகத்தான் போனார். அவள் எழுந்து, உட்கார்ந்திருந்த செய்தித்தாளை மடித்து, எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, ஸ்டூலைக் கையால் துடைத்தாள். பிறகு அவரைப் பார்த்து, “நீங்க சாப்டீங்களா?” என்று கேட்டாள்.

“அன்னைக்கு நான் சாப்பிடலக்கா” என்றார் டைரக்டர்.

அவள் யோசித்தாள். வசனம் வெட்டப்பட்ட நாள்கள் எத்தனையோ. அந்தத் தாழ்வாரம் ஞாபகம் வந்தது, ஸ்டூல் ஞாபகம் வந்தது, இவர் முகம் ஞாபகம் வரவில்லை. “அது நானா இருக்காது சார். குட்டை முடி வெச்சுக்கிட்டு இன்னொருத்தி வருவா டப்பிங்குக்கு. அவதான் எல்லாரையும் சாப்டியா சாப்டியான்னு கேப்பா. எனக்கு ஸ்டூலைத் துடைக்கிற பழக்கமும் கிடையாது.”

“இருக்கு” என்றாள் மகள்.

“இல்ல” என்றார் கணவர்.

“இருக்குப்பா. தியேட்டர்லகூட அம்மா எந்திரிச்சா சீட்டைத் துடைக்கும்.”

“அது அந்தப் போலீஸ்காரர் பொண்டாட்டி.”

டைரக்டர் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றிக்கொண்டிருந்தார். “உங்க முகம்னு நெனச்சுத்தானே இத்தனை வருஷம் எழுதினேன்” என்றார். குரல் இறங்கிவிட்டது. “நீங்க இல்லைன்னா நான் இப்ப என்ன பண்றது?”

 கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அவள் அந்தக் குட்டை முடிக்காரியை நினைத்துப் பார்த்தாள். அந்த முடிக்காரி எழுந்து நிற்பதை, செய்தித்தாளை மடிப்பதை, ஸ்டூலைத் துடைப்பதை மனத்துக்குள் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தாள். துடைக்கிற கை எப்படி என்று தெரியவில்லை. எவ்வளவு முயன்றாலும் தெரியவில்லை. மடிப்பதும் துடைப்பதும் மேலேயிருந்து, கண்ணுக்குக் கீழே இருக்கிற தன் கைகளாகத்தான் தெரிந்தது. அது நினைவா, இப்போது கேட்டதால் தானே கட்டிக்கொண்டதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“உங்க ஃபோனைக் குடுங்க சார். மேடத்துக்குப் போடுங்க.”

போட்டுக் கொடுத்தார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது.  வேஷத்தை வாங்கிக்கொள்ளத்தான் அவளுக்குத் தெரியும். முடியாது என்று ஒருவரிடம் சொல்வதை எந்தத் தொடரிலும் அவள் நேரில் பார்த்ததில்லை. அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் அவள் வருவதற்கு முன்பே விலகிப் போய்விட்டவர்கள்.

“மேடம், நான்தான். அந்தச் சலவைக்காரி.”

“சொல்லுடி.”

“அது என் வேஷம் மேடம். நான்தான் பண்றேன்.”

 கணவர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்து, மறுபடி வைத்தார். பிறகு மேடம் சிரிக்கிற சத்தம் அறைக்கே கேட்டது.

“அடிப்பாவி! இதைச் சொல்லத்தான் நேத்து என் வீட்டுக்கு வந்தியா? நடுவீட்டுல நின்னு நடிச்சுக் காட்டி, பாத்துக்கோன்னு?”

அவள் யோசித்தாள். அப்படியும் இருக்கலாம் போலிருந்தது.

“ஆமா மேடம்” என்றாள்.

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். டைரக்டர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“என்னக்கா சொன்னாங்க?”

“சிரிச்சாங்க.”

“கோவமா?”

“தெரியல சார்.”

தயாரிப்பாளரிடம் என்ன சொல்வது என்று டைரக்டர் அவளைக் கேட்டார். அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் மகளைப் பார்த்தார். கடைசியில் டைரக்டர் எழுந்து, நாளைக்குக் கேமராவோடு காத்திருப்பதாகவும், தயாரிப்பாளரையும் கூட்டிவந்து எதிரிலேயே உட்காரவைக்கப்போவதாகவும் சொன்னார். சொன்ன பிறகு தானே பயந்தவர் போல வாசலில் கொஞ்சம் நின்றார்.

“கோட்டைப் பிரிச்சுத் தைக்கச் சொல்லுங்க சார்” என்றாள் அவள். “இடுப்புல மூச்சு முட்டுது.”